அண்ணனுக்கு அடுத்து யார் பந்தைக் கொண்டு போவது?

கடல் கடந்து போனவர்களுக்குக் கொடைக்கானல் என்றதும் ஏரிக்கு முன்னால் நினைவுக்கு வருவது நம் பள்ளியின் சிமெண்டுக் கூடைப்பந்துத் தளம்தான். ஒரு பக்கம் சைப்ரஸ் வரிசை, மறுபக்கம் சரிவு. மாலை மூன்றரை மணிக்கு மேகம் இறங்கினால் இந்தப் போர்டுக்குக் கீழே நிற்பவருக்கு அந்தப் போர்டு தெரியாது. சாக்கைப் போட்டு ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு ஆட்டம் தொடரும். வெள்ளைக்குள்ளிருந்து "மூணு! மூணு!" என்று ஒரு குரல் மட்டும் கேட்கும். அந்தக் குரல்தான் பிளேமேக்கர், பந்தைக் கொண்டு போய் ஆட்டத்தை அமைப்பவர். மற்ற நான்கு பேரும் அதை வைத்துத்தான் இடம் மாறுவார்கள்.

இன்று ஊரில் ஆடும் பழைய மாணவர் அணியின் பிளேமேக்கர் அண்ணன் நாற்பதை நெருங்குகிறார். அடுத்த ஆள் யார் என்ற பேச்சு சங்கத்தில் எழுந்திருக்கிறது. பள்ளி அணியில் இதே கேள்வி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும். பிளஸ் டூ முடித்துப் பையன் போய்விடுவான், அடுத்தவன் தயாராக இருந்தாக வேண்டும். அதனால் நம் பி.டி. சாருக்கு இது ஒரு தனி வித்தையாகவே கைவந்திருந்தது. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வயதான ஆட்டக்காரருக்கும் அது அப்படியே பொருந்தும், ஒன்றிரண்டு சேர்க்கைகளோடு.

முதலில், வயது எங்கே தெரிகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். கையில் தெரியாது. பிளேமேக்கரின் பாஸும் ஃப்ரீ த்ரோவும் 40 வயதிலும் அப்படியே இருக்கும், சில சமயம் முன்பைவிட நன்றாகவும் இருக்கும். போவது கால், அதிலும் பக்கவாட்டுக் கால். எதிரணிப் பிளேமேக்கரை முன்பெல்லாம் அவர்கள் போர்டுக்கு அருகிலேயே போய்ப் பிடித்தவர், இப்போது நடுக்கோட்டில் காத்து நிற்பார். கால் போய்ச் சேராத இடத்துக்குக் கை போகும். அது ஃபவுல். ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் மூன்றாவது முடிவதற்குள் நான்கு ஃபவுல் வாங்குகிறார் என்றால் அதற்குக் கோபமோ கவனக்குறைவோ காரணம் என்று நினைக்க வேண்டாம், கால் அரை அடி பிந்துகிறது. ஐந்தாவது ஃபவுலில் ஆளே வெளியே. இன்னொரு அறிகுறி, கூடையில் விழாத பந்து ரீபவுண்டாகத் திரும்பி விழுந்ததும் தானே வந்து பந்தை வாங்காமல் வேறொருவரைக் கொண்டு வரச் சொல்வது. அனுபவத்தால் அப்படிச் செய்கிறார் என்று பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். பல நேரம் அது மூச்சு.

சார் இதைக் கண்மதிப்பில் விடமாட்டார். 80 பக்க நோட்டு ஒன்று, ஒரு பென்சில், அடிபட்டு உட்கார்ந்திருக்கும் பையன் ஒருவன், இவ்வளவுதான் ஏற்பாடு. ஆட்டத்தில் பந்து நம் கைக்கு ஏறக்குறைய 70, 80 முறை வரும். ஒவ்வொரு முறையும் ஒரு வரி: யார் பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டு போனது, முதல் பாஸ் யாருக்கு, பந்து எங்கே போய் முடிந்தது. எதிரே இன்னொரு பத்தி: நம் பிளேமேக்கரைத் தாண்டி எதிராளி எத்தனை முறை உள்ளே போனான். இதைக் கால்பகுதி வாரியாக நான்கு ஆட்டங்களுக்கு எழுத வேண்டும். ஓர் ஆட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறிவிடும், அன்று எதிரணி பலமா பலவீனமா என்பதே கணக்கை மாற்றிவிடும். முதல் இரண்டு கால்பகுதிகளும் கடைசி இரண்டும் பெரிதாக வேறுபட்டால் அவருக்கு ஓய்வு வேண்டும் என்று பொருள். முதல் கால்பகுதியிலேயே எதிராளி தாண்டிப் போகிறான் என்றால்தான் அவர் இடத்துக்கு ஆள் தேட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் ஆடக்கூடியவரை உட்கார வைத்த அணிகள் உண்டு.

அந்த நோட்டிலிருந்துதான் அடுத்த வேலை தொடங்கும். "அவரை மாதிரி ஒருத்தன்" என்று தேடினால் கிடைக்கவே மாட்டான். அவர் செய்வது ஒரு வேலை அல்ல, ஏழெட்டு வேலை. எதிரணி நெருக்கும்போது 8 விநாடிக்குள் பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டு போவது. எந்த ஆட்டமுறை என்று குரல் கொடுப்பது. கூடைக்கு அருகே போஸ்டில் நிற்பவருக்குப் பந்தைச் சேர்ப்பது. எதிரணிப் பிளேமேக்கரைக் காப்பது. நம் ஆள் ஷாட் எடுத்ததும் எல்லாருக்கும் முன்னால் பின்னே ஓடி வந்து எதிரணியின் ஃபாஸ்ட் பிரேக்கை, அதாவது வேகமான எதிர்த்தாக்குதலை, தடுப்பது. கடைசி இரண்டு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து ஆடுவது. ரெஃப்ரியிடம் மரியாதை குறையாமல் பேசுவது. இவற்றைத் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றையும் அணியில் ஏற்கெனவே யார் அரைகுறையாகவாவது செய்கிறார்கள் என்று எதிரே பெயர் போட்டால், பாதி வேலைக்கு ஆள் உள்ளேயே இருப்பது தெரியும். எதிரணிப் பிளேமேக்கரைக் காக்கும் வேலையை பக்கவாட்டில் ஆடும், ஓட்டமுள்ள ஒரு விங்குக்குக் கொடுத்துவிட்டாலே அண்ணனுக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கிடைக்கும். புதியவனிடம் நிச்சயம் இருக்க வேண்டியவை முதல் மூன்றும்தான்.

அந்த மூன்றையும் சோதிப்பது எளிது. இடது கையால் மட்டும் 28 மீட்டர் தளத்தைப் போய் வரச் சொல்லுங்கள். பிறகு இரண்டு பேரை எதிரே விட்டு அதையே செய்யச் சொல்லுங்கள், பத்து முறைக்கு எத்தனை முறை பந்தை இழக்கிறான் என்று எண்ணுங்கள். பந்தைத் தட்டிக்கொண்டே, அதாவது டிரிபிள் செய்து, வரும்போது சார் எதிரில் நின்று விரல்களைக் காட்டுவார், பையன் எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். தலை குனிந்து பந்தைப் பார்ப்பவன் இங்கேயே மாட்டிக்கொள்வான். அடுத்தது ஓட்டம்: 15 மீட்டர் அகலத்தைக் குறுக்காக 17 முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடியும், மறுபடியும். முதல் சுற்றில் முந்தி வருபவனைப் பார்க்க வேண்டாம். மூன்றாவது சுற்று முடிந்த கையோடு மூச்சு இரைக்க 5 பாஸ் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். கடைசிச் சோதனை குரல். மேகம் இறங்கிய நாளில் நடுக்கோட்டிலிருந்து அவன் சொல்வது பேஸ்லைனுக்குக் கேட்க வேண்டும். வெட்கப்படும் பையன்களுக்குக் குரலைப் பழக்கலாம், ஆறு மாதம் பிடிக்கும். பந்தை விட்டுக்கொடுக்க மனசில்லாதவனைப் பழக்குவது அதைவிடக் கடினம். அதிகப் புள்ளி போடுபவனைப் பிளேமேக்கர் ஆக்குவதுதான் எல்லா அணிகளும் செய்யும் தவறு. ஒரே நாளில் நல்ல ஷூட்டரும் போய்விடுவான், பிளேமேக்கரும் கிடைக்கமாட்டான்.

சோதனைக்கு முன்னால் பந்தில் காற்றைப் பாருங்கள். இதை அலட்சியப்படுத்தி நல்ல பையனைத் தள்ளிவிடக் கூடாது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்றழுத்தம் கடல் மட்டத்தைப் போல் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம். மதுரையில் காற்றடித்த பந்து மேலே வந்ததும் இறுகிவிடும், டிரிபிள் கைக்கு மேலே துள்ளும். இங்கே அடித்த பந்து பெரியகுளத்துக்கு இறங்கினால் தொய்யும். மேலே சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு வைத்தது, கீழே வெயிலின் சூடு கொஞ்சம் ஈடுகட்டியும், ஆறரை பவுண்டு அளவுக்கு வந்துவிடும். காற்றை அளக்கும் கேஜ் இல்லாவிட்டால் பழைய வழி இருக்கிறது: பந்தின் அடிப்பக்கம் 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து விடுங்கள், துள்ளி எழும்போது பந்தின் மேல்பக்கம் 1.2 முதல் 1.4 மீட்டருக்குள் நிற்க வேண்டும். சுவரில் சாக்பீஸால் மூன்று கோடு போட்டு வைத்தால் போதும்.

இனி இந்த மலைக்கே உரிய சிக்கல். தேர்ந்தெடுத்துப் பழக்கிய பையன் கல்லூரிக்கு மதுரை, கோவை என்று இறங்கிவிடுவான். மே மாதம் பெரியகுளத்தில் அகில இந்தியப் போட்டி நடக்கும்போது கீழே பல இடங்களில் கூடைப்பந்துதான் பேச்சு, ஆனால் நம் ஊரில் அதுதான் சுற்றுலா சீசன். டாக்ஸி ஓட்டுபவருக்கும் ஹோட்டலில் வேலை பார்ப்பவருக்கும் அந்த மாதம் ஒரு நாள் லீவு கிடைப்பதும் பெரிய விஷயம். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துப் பையன்களுக்கு மாலைப் பயிற்சி பஸ் நேரத்தோடு முட்டும். ஆகவே, திறமையைப் பார்க்கும் அதே நாளில் "தம்பி, அடுத்த மூணு வருஷம் எங்க இருப்ப? மே மாசம் வர முடியுமா?" என்று கேட்டுவிட வேண்டும். ஒருவனை மட்டும் பழக்கினால் இந்த ஊரில் நிச்சயம் ஏமாற்றம்தான். இரண்டு பேர் வேண்டும்: 17 வயதில் ஒருவன், ஊரிலேயே வேலையோ தோட்டமோ உள்ள 24, 25 வயதில் ஒருவர். இரண்டாமவர் திறமையில் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை.

ஆள் கிடைத்த பிறகுதான் உண்மையான வேலை இருக்கிறது. நேரத்தைப் பங்கிடுவதில் சார் மிகக் கறாராக இருப்பார். 40 நிமிடத்தில் முதல் பருவம் பெரியவருக்கு 30, புதியவனுக்கு 10. அந்தப் பத்தையும் ஜெயித்தாகிவிட்ட ஆட்டத்தின் கடைசியில் கொடுக்கக் கூடாது, அங்கே யாரும் நெருக்கமாட்டார்கள், அவன் எதையும் கற்கமாட்டான். இரண்டாவது கால்பகுதியின் முதல் 5 நிமிடமும் மூன்றாவதின் கடைசி 5 நிமிடமும் கொடுங்கள். இரண்டாம் பருவத்தில் இருவரும் ஒன்றாகத் தளத்தில் இருக்கும் நேரம் வேண்டும், குறைந்தது 10 நிமிடம். பந்து புதியவனிடம், பெரியவர் பக்கவாட்டில் ஷூட்டராக. இந்தப் பகுதியைத் தாவிவிடும் அணிகள்தான் தடுமாறும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு சான் அன்டோனியோ அணி தெரிந்திருக்கும். 1997ல் டிம் டங்கன் வந்தபோது டேவிட் ராபின்சன் ஒதுங்கவில்லை. இருவரும் ஆறு பருவம் சேர்ந்து ஆடி, 1999லும் 2003லும் கோப்பை வென்று, அதன் பிறகே ராபின்சன் ஓய்வு பெற்றார். அதே அணியில் 2018 ஜனவரியில் 35 வயது டோனி பார்க்கர், தொடக்க ஐவரில் தன் இடத்தை 21 வயது டெஜான்டே மரேக்கு விட்டு பெஞ்சிலிருந்து வந்தார்.

மூன்றாவது கட்டத்தில் புதியவன் ஆட்டத்தைத் தொடங்குவான், ஆனால் முடிப்பது பெரியவராக இருக்கட்டும். தொடங்குவதும் முடிப்பதும் வேறு வேறு வேலைகள். தொடங்குவதற்குக் கால் போதும், கடைசி 4 நிமிடத்துக்குக் கணக்கு வேண்டும்: எத்தனை டைம் அவுட் மிச்சம், எதிரணியில் யாருக்கு 4 ஃபவுல், ஷாட்டுக்கு உள்ள இந்த 24 விநாடியில் அவசரப்படலாமா கூடாதா. அதைக் கடைசியாகக் கொடுங்கள். புதியவன் தப்பு செய்த அந்த விநாடியே மாற்றக் கூடாது என்பதும் சாரின் கண்டிப்பு. இரண்டு முறை பந்து கைக்கு வந்து போகட்டும், பிறகு மாற்றுங்கள். இல்லையென்றால் அவன் எதிராளியைப் பார்ப்பதை விட்டுவிட்டு பெஞ்சைப் பார்க்கத் தொடங்கிவிடுவான்.

பெரியவருக்கு பெஞ்சில் உட்காருவது புதுப் பழக்கம். ஜனவரியில் நம் ஊர்க் குளிரில் 6 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் முழங்காலும் குதிகால் நரம்பும் இறுகிவிடும். எழுந்து நேராக ஓடினால் அன்றோடு அந்தப் பருவம் முடிந்தாலும் முடியும். முழு டிராக் பேன்ட், முழங்காலுக்கு மேல் ஒரு கம்பளி, உள்ளே போவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் எழுந்து கோட்டோரம் மெல்லோட்டம். ஆட்டத்துக்கு முன் வார்ம் அப் இளைஞர்களுக்கு 10 நிமிடம் என்றால் அவருக்கு 20. சிமெண்டுத் தளத்தில் அவர் தினமும் பயிற்சிக்கு வரவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் போதும், மற்ற நாள் புதியவன்தான் குரல் கொடுக்க வேண்டும். அண்ணா பக்கத்தில் இருக்கும்வரை தம்பியின் குரல் எழும்பாது.

பெரியவரிடமிருந்து எழுதி வாங்க வேண்டியது ஒன்று உண்டு. போஸ்டில் நிற்பவருக்குப் பந்து எந்தக் கையில், எந்த உயரத்தில் வேண்டும். எந்த விங் ஓடிக்கொண்டே வாங்குவான், எவன் நின்றால்தான் வாங்குவான். எதிராளியை மறித்து ஸ்கிரீன் போட்டவன் எந்தப் பக்கம் திரும்புவான். இதெல்லாம் அவர் கையில் இருக்கிறது, நாவில் இருக்காது. பயிற்சியை நிறுத்தி நிறுத்திக் கேட்டால்தான் வரும். அவர் கற்றதில் விட்டுவிட வேண்டியதும் உண்டு. 2000 வரை பந்தைக் கோடு தாண்ட 10 விநாடி, ஷாட்டுக்கு 30 விநாடி. பிறகுதான் 8, 24. 2010 வரை கூடைக்கு முன்னால் உள்ள உள்பகுதி சரிவகமாக இருந்தது, இப்போது 4.9 மீட்டர் அகலச் செவ்வகம். மூன்று புள்ளிக் கோடும் 6.25லிருந்து 6.75 மீட்டருக்குப் போய்விட்டது. நம் தளத்தில் பழைய கோட்டின் தடம் பெயிண்டுக்கு அடியில் இன்னும் தெரியும். மெதுவாக நடந்து வந்து ஆட்டத்தை அமைக்கும் அழகு அந்தக் காலத்துக்கு உரியது, அதைப் புதியவனுக்குப் பழக்க வேண்டாம்.

மே மாதம் ஊருக்கு வரும் நம் உறுப்பினர்கள் ஜெர்சி வாங்கிக் கொடுப்பதோடு நிற்காமல் ஒரு வாரம் தளத்துக்கு வாருங்கள். புதியவனை நெருக்க எதிரணிக்கு ஆள் வேண்டும். ஐந்துக்கு ஐந்து ஆடும்போது பெரியவரையும் எதிரணியிலேயே விடுங்கள். தன் அணியில் அவர் இருக்கும்வரை மற்ற மூன்று பேரும் பழக்கத்தில் அவரிடமே பந்தை எறிவார்கள், அது யார் தவறும் இல்லை.

நோட்டில் அப்போது ஒரு பத்தி கூடுதலாகப் போடுங்கள்: ரீபவுண்டு எடுத்தவர் முதல் பாஸை யாருக்குக் கொடுத்தார். இருவரும் தளத்தில் இருக்கும் நேரத்தில் பத்துக்கு ஏழு புதியவனிடம் போகத் தொடங்கினால், அதுவும் போஸ்டுக்காரர் திரும்பிப் பார்க்காமல் குரல் வந்த பக்கம் எறிந்தால், கடைசி 4 நிமிடத்தையும் அவனிடம் கொடுத்துவிடலாம்.