இணைப்புகளை எங்கே போட்டு வைப்பது?

வாசித்ததில் நல்லதொன்றை நாலு பேருக்குக் காட்ட முழுப் பதிவு எழுதத் தேவையில்லை. இணைப்பும் அதைப்பற்றி இரண்டு வரியும் போதும். முகநூலில் போட்டால் அன்றைக்குப் பார்ப்பார்கள். மூன்று மாதம் போனபின் போட்டவராலேயே தேடி எடுக்க ஏலாது. வட்ஸ்அப் குழுமத்தைப்பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கென்றே உள்ள சேவை ஒன்றைப் பாவிப்பதென்றால், போட்டதையெல்லாம் திருப்பி எடுக்கலாமா என்பதை முதலில் பாருங்கள். 2003இல் தொடங்கிய டெலிசியஸ் என்ற இணைப்புச் சேமிப்புச் சேவையை 2005இல் யாகூ வாங்கியது. 2011இல் அது மறுபடி கைமாறியது. 2017இல் அதே மாதிரியான பின்போர்ட் என்ற சேவை அதை வாங்கி, புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி நிறுத்தியது. பிறகு வாசிக்கவென்று கட்டுரைகளைச் சேமிக்கும் பொக்கெட் 2025 ஜூலையில் மூடப்பட்டது. ஆகவே கணக்குத் திறந்த அன்றே ஐந்தாறு இணைப்பைப் போட்டு, ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். முகவரி, தலைப்பு, திகதி, குறிச்சொல், நீங்கள் எழுதிய குறிப்பு ஐந்தும் இருக்கவேண்டும். பெரும்பாலும் விடுபடுவது குறிப்புத்தான், உங்கள் உழைப்பு இருப்பதும் அதில்தான். இன்னொன்று: அந்தக் கோப்பைக் குரோமுக்குள் ஏற்றி, அங்கிருந்து திரும்ப எடுக்காதீர்கள். குரோமில் குறிச்சொல் வசதி இல்லை, அவ்வளவும் போய்விடும்.

ரெயின்டிராப் என்ற சேவை இலவசம், போனிலும் வேலை செய்யும், பொதுவில் திறந்துவிட்ட தொகுப்புக்குச் செய்தியோடையும் (ஆர்எஸ்எஸ்) உண்டு. பின்போர்ட்டுக்கு வருடாவருடம் டொலரில் கட்டவேண்டும். வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். சொந்தமாக வழங்கி இடம் வைத்திருப்பவருக்கு, அதில் தானே நிறுவிக்கொள்ளும் ஷார்லி என்ற மென்பொருள் நல்லது. பிஎச்பி இருந்தால் போதும், தரவுத்தளம் வேண்டாம். தரவுக் கோப்புறையைப் பிரதி எடுத்தால் காப்புப் பிரதி முடிந்தது. அதேபோன்ற லிங்க்டிங்கை வழக்கமாக டொக்கர் என்ற கொள்கலன் மென்பொருளை வைத்துத்தான் நிறுவுவார்கள். மலிவான பகிர்வு வழங்கியில் அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

என்னைக் கேட்டால், கிழமைக்கு நாலைந்து இணைப்புப் போடுபவருக்கு வலைப்பதிவே போதும். புளொக்கரில் இணைப்புப் பதிவுக்கெல்லாம் ஒரே சிட்டையை (லேபல்) கொடுங்கள். ஒவ்வொரு சிட்டைக்கும் தனி ஓடை தானாகவே கிடைக்கும், வேண்டியவர் அதை மட்டும் தொடரலாம். அந்தச் சிட்டையின் பெயர் ஓடையின் முகவரியிலும் வரும், அதை ஆங்கில எழுத்தில் வையுங்கள், காரணம் கீழே. ஒவ்வொரு இணைப்பையும் தனிப் பதிவாகப் போட்டால் முதன்மை ஓடையில் உங்கள் கட்டுரைகள் அமுங்கிவிடும். சேர்த்து வைத்துக் கிழமைக்கு ஒரு தடவை போடுவது மேல்.

எங்களுக்கென்று ஒரு தனித் தலையிடி, தமிழ் முகவரி. ஒரு தமிழ்க் குறியீடு, இணையத்தில் வழங்கும் யுடிஎஃப்-8 என்ற யுனிகோட் வடிவத்தில் மூன்று பைட். முகவரியைப் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் %E0 என்பதுபோல மூன்று எழுத்தாக விரியும். ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லில் இருப்பது 11 குறியீடு, முகவரியில் அது 99 எழுத்தாகிவிடும். விக்கிப்பீடியாப் பக்கமொன்றை அனுப்பினால் பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று பயப்படுவதில் குற்றமில்லை. அதற்காக முகவரியைக் குறுக்கித் தரும் சேவையை நாடாதீர்கள். அது மூடினால் இணைப்பும் போய்விடும். தலைப்பைத் தமிழில் எழுதி, நீண்ட முகவரியை அதன் பின்னால் ஒளித்துவிடுங்கள். வட்ஸ்அப்பில் அப்படி ஒளிக்க வழியில்லை, அங்கே உங்கள் பதிவின் முகவரியையே அனுப்புங்கள். முகவரி அடைப்புக்குறியில் முடிந்தால் சில செயலிகள் கடைசிக் குறியை வெட்டிவிடும், பக்கம் திறக்காது. அந்தக் குறிக்குப் பதிலாக %29 என்று தட்டினால் சரிவரும். முகநூலில் இருந்து எடுத்த முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் தொங்கும் நீண்ட வாலை வெட்டுங்கள், வெட்டியபின் ஒருமுறை திறந்து பாருங்கள். சில தளங்களில் கட்டுரையின் இலக்கமே அந்த வாலில்தான் இருக்கும்.

ஈழத்து நூல்கள், இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் தளத்தில் உள்ள பழைய இதழைக் காட்டும்போது பிடிஎஃப்புக்கு நேரே இணைக்காமல் அதன் விபரப் பக்கத்துக்கு இணைக்கவும். போன் டேட்டாவில் இருப்பவர் பெரிய கோப்பை இறக்கலாமா விடலாமா என்று தானே தீர்மானிக்கட்டும். யுனிகோட் பரவுமுன் பாவித்த பாமினி எழுத்துருக் காலத்துத் தளமென்றால் தலைப்பைப் பிரதி எடுத்து ஒட்டாதீர்கள். ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும், பிறகு தேடினாலும் அகப்படாது. யுனிகோட்டில் கையால் தட்டிவிட்டு, அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களின் பிரதியைக் காத்து வைக்கும் வேபேக் மெஷினிலும் சேமித்து, இரண்டு முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.