மஞ்சள் இலைக்கு என்ன உரம்?

நீலகிரித் தேயிலை விவசாயிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இலை மஞ்சளாகுது மேடம், என்ன உரம் போடலாம்?" ஒளிச்சேர்க்கையை அளக்க மலையேறி வந்த எனக்கு, என் ஆராய்ச்சி உரக்கடை வாசலில் போய் நிற்கும் என்று அப்போது தெரியாது. ஆனால் செடிக்குள் ஒளியும் உரமும் தனித்தனித் துறைகளாக இல்லை. நாம்தான் பல்கலைக்கழகத்தில் அப்படிப் பிரித்து வைத்திருக்கிறோம்.

அளப்பதே இங்கே பெரும்பாடு. இலையைக் கருவியின் சிறு அறைக்குள் கவ்வவிட்டு, உள்ளே போகும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இலையில் ஈரம் இருந்தால் கணக்கு தப்பிவிடும். பனி காயும்வரை காத்திருந்து, மேகம் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். "இன்னிக்கும் செடிக்கு ஜுரம் பாக்குறீங்களா?" என்று கேட்டபடி கொழுந்து பறிக்கும் அக்காக்கள் தாண்டிப் போவார்கள். உண்மையில் அதைவிட நல்ல விளக்கம் என்னிடமும் இல்லை.

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில்தான் வேலை சுவாரசியமாகும். விடியற்காலையில் கடும் குளிர். கொஞ்ச நேரத்தில் மேகமே இல்லாத வெயில். குளிரில் ஒளியைப் பிடிக்கும் வேலை அவ்வளவாகத் தடைபடாது. பிடித்த ஆற்றலைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கும் நொதிகள்தான் மந்தமாகிவிடும். செலவாகாத ஆற்றல் இலைக்குள்ளேயே கேடு செய்யும்; முதலில் அடிபடுவது டி1 என்ற புரதம். இலையை அரை மணி நேரம் இருட்டில் மூடிவைத்து, பளிச்சென்று ஒளி பாய்ச்சி, பச்சையம் திருப்பி உமிழும் ஒளியை அளந்தால் சேதம் தெரியும். நல்ல இலையில் அதிலிருந்து கணக்கிடும் விகிதம் 0.83-ஐ ஒட்டி இருக்கும். அடிபட்ட இலையில் இறங்கிவிடும். சில்வர் ஓக் மர நிழலில் நிற்கும் செடிகள் இதில் ஓரளவு தப்பிக்கின்றன. மரத்தை வெட்டி விற்ற தோட்டங்களில் அந்தக் காப்பு இல்லை.

சரி, இதில் உரம் எங்கே வருகிறது? மெக்னீசியத்தில். பச்சைய மூலக்கூறின் நடுவில் இருப்பது அதுதான் என்று பள்ளியிலேயே படிக்கிறோம். ஆனால் இலையில் உருவான சர்க்கரையை வேருக்கும் கொழுந்துக்கும் ஏற்றி அனுப்பவும் மெக்னீசியம் வேண்டும். அது குறைந்தால் சர்க்கரை இலையிலேயே தேங்கும். தேங்கினால் ஒளிச்சேர்க்கை சுணங்கும். மறுபடியும் ஒளி மிச்சம், மறுபடியும் சேதம். மெக்னீசியம் பற்றாத இலையில் ஒரு பகுதியை மட்டும் நிழலில் மறைத்து வைத்தால், அந்தப் பகுதி பச்சையாகவே இருக்க, வெயில் பட்ட பகுதி மஞ்சளாகும். ஒரே இலை, ஒரே மண், ஒரே சத்து! இதைப் படித்துச் சொல்வதைவிட நேரில் காட்டுவது எளிது.

தேயிலைக்கு அமில மண் பிடிக்கும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை சுகம் (இந்த எண் குறைந்தால் அமிலம் கூடுதல்). அதற்கும் கீழே போனால், மலைமழையில் மெக்னீசியம் அடித்துக்கொண்டு போய்விடும். அம்மோனியம் சல்பேட்டை விடாமல் போட்டால் மண் இன்னும் புளித்துக்கொண்டே போகும். அப்புறம் பொட்டாஷ், அதாவது பொட்டாசிய உரம். வேருக்குள் நுழைய மெக்னீசியத்தோடு பொட்டாசியமும் அம்மோனியமும் போட்டி போடும். அவற்றின் அளவு கூடினால் மெக்னீசியம் வெளியே நிற்கும். மஞ்சளைப் பார்த்துப் பயந்து உரத்தைக் கூட்டினால் மஞ்சளும் கூடும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) இதைச் சொன்னபோது, பெரியவர் ஒருவர் நம்பாமல் சிரித்தார். முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்ததை அவர் செடியிலேயே காட்டினேன். தளிர் நன்றாகத்தான் இருந்தது. செடி பழைய இலையிலிருந்து மெக்னீசியத்தை எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும் என்றேன்.

"அப்பா காலத்துலேர்ந்து பொட்டாஷ் போட்டுக்கிட்டுதான் வர்றோம் மேடம். அதைக் குறைக்கணும்னு சொன்னா என் பையன் ஒத்துக்க மாட்டான்."

"பாதித் தோட்டத்துல மட்டும் குறைச்சுப் பாருங்க ஐயா. மண்ணைப் பரிசோதிச்சு அளவு சொல்றேன்."

கீழ்ச்சரிவில் மட்டும் குறைப்பது என்று பேசி முடித்தோம். இப்போதைக்கு மெக்னீசியம் சல்பேட்டைக் கரைத்து இலையில் தெளிக்க வேண்டும். அடுத்த வருடம் செடியை வெட்டிவிடும் கவாத்து; மண்ணின் புளிப்பைக் குறைத்து மெக்னீசியமும் தரும் டோலமைட் அப்போதுதான். சில்வர் ஓக் மரங்களை வெட்டாமல் கிளைகளை மட்டும் கழிப்பது பற்றி அவர் மகனோடு இன்னும் பேச வேண்டியிருக்கிறது. மரத்துக்கு வியாபாரி ஏற்கெனவே விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம்.