போன் பறிபோன முதல் அரை மணி நேரம்

போன் கையை விட்டுப் போனதும் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான். பக்கத்தில் நிற்பவரிடம் போனை வாங்கித் தன் நம்பருக்கே ரிங் விடுவார்கள். இரண்டு ரிங் போகும், மூன்றாவது முறை ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று வரும். ஆட்டோவிலோ ஓட்டல் மேசையிலோ மறந்து வைத்த போன் என்றால் ரிங் விடுவதில் அர்த்தம் உண்டு. எடுத்தவர் பதில் சொல்லித் திருப்பித் தருவது நம் ஊரில் இன்றும் நடக்கிறது. பறித்துக்கொண்டு போனவனுக்கு ரிங் விட்டால் கையில் மிச்சமிருந்த நிமிடங்களையும் தொலைத்ததாகத்தான் ஆகும்.

போனின் விலை பதினைந்தாயிரமோ இருபதாயிரமோ இருக்கட்டும். உள்ளே செருகியிருக்கும் சிம்மின் விலை உங்கள் வங்கிக் கணக்கில் கிடக்கும் மொத்தப் பணம். திருடன் அந்தச் சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டால் ஸ்கிரீன் லாக் எதற்கும் உதவாது. ஓ.டி.பி. எல்லாம் அங்கே போய் விழும். யு.பி.ஐ. பின்னை மாற்ற டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கம், காலாவதி மாதம், ஓ.டி.பி. கேட்பார்கள், பல வங்கிகள் ஏ.டி.எம். பின்னையும் சேர்த்துக் கேட்கும். கார்டு வேண்டாம் என்றால் ஆதார் வழியும் உண்டு. அதற்கு ஆதார் எண்ணின் முதல் ஆறு இலக்கமும் ஓ.டி.பி.யும் போதும். இப்போது போன் கவரின் பின்பக்கம் ஏ.டி.எம். கார்டைச் செருகி வைத்திருப்பவர்களையும், வாட்ஸ்அப்பில் ‘எனக்கு நானே’ அனுப்பி வைத்த ஆதார் படத்தையும் நினைத்துப் பாருங்கள். சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதைதான்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் போனைப் பூட்டு, அடுத்து சிம், அடுத்து வங்கி, அதற்குப் பிறகு காவல் நிலையம். இது மாறினால் என்ன கெடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சிம்மை முதலில் முடக்கிவிட்டால் போனுக்கு நெட் போய்விடும். தூரத்திலிருந்து பூட்டும் கட்டளை போய்ச் சேராது. அதனால் போனைப் பூட்டுவதற்கு இரண்டு நிமிடம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஆண்ட்ராய்டில் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்: நண்பரின் போனில் கூகுள் கணக்கைத் திறக்கப் போனால், ‘உங்கள் போனுக்கு அனுப்பிய அறிவிப்பை அழுத்துங்கள்’ என்று கேட்கும். அந்தப் போன்தான் இல்லையே. இதற்கென்றே ‘ரிமோட் லாக்’ என்று ஒன்று இருக்கிறது. பிரவுசரில் ஆண்ட்ராய்டு டாட் காம் போட்டு, சாய்கோடு, லாக் என்று அடித்தால் வரும். பாஸ்வேர்டு வேண்டாம், போன் நம்பர் போட்டால் திரை பூட்டிக்கொள்ளும். ஆனால் போனின் செட்டிங்ஸில் ‘திருட்டுப் பாதுகாப்பு’ பகுதியில் இதை முன்பே இயக்கி வைத்திருக்க வேண்டும். ஐபோனில் சிக்கல் குறைவு. ஐகிளவுட் தளத்தின் ‘ஃபைண்ட்’ பக்கத்துக்கு ஆப்பிள் பாஸ்வேர்டு மட்டும் போதும், இன்னொரு சரிபார்ப்பு எண் கேட்காது. ‘லாஸ்ட் மோட்’ போட்டுவிடுங்கள். கோபத்தில் ‘கணக்கிலிருந்து நீக்கு’ என்பதை அழுத்திவிடாதீர்கள். நீக்கினால், அடுத்தவர் அந்தப் போனைப் பயன்படுத்த முடியாமல் தடுக்கும் ‘ஆக்டிவேஷன் லாக்’ விலகிப் போன் திருடனுக்குப் புதுசாகிவிடும்.

அடுத்து சிம். உங்கள் நெட்வொர்க்கையே வைத்திருக்கும் ஒருவரின் போனிலிருந்து 198 அடிக்கலாம். முகவரி, பிறந்த தேதி, கடைசியாக ரீசார்ஜ் செய்த தொகை என்று ஏதாவது கேட்டு உறுதி செய்துகொண்டு முடக்குவார்கள். சிம் அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோ இருந்தால் அவர்களுடைய விவரத்தைத்தான் கேட்பார்கள். அது இப்போதே வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். இரண்டு சிம் போட்ட போன் என்றால் இரண்டையும் முடக்க வேண்டும். வங்கியில் பதிவாகியிருப்பது எது என்ற பதற்றத்தில் இன்னொன்றை மறப்பவர்கள் உண்டு.

வங்கிக்குப் போன் போட்டு ‘அக்கவுன்ட்டை பிளாக் பண்ணுங்க’ என்று பொதுவாகச் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் டெபிட் கார்டை மட்டும் முடக்கிவிட்டு வைத்துவிடக்கூடும். மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: யு.பி.ஐ., டெபிட் கார்டு, மொபைல் மற்றும் நெட் பேங்கிங். ஒவ்வொன்றுக்கும் புகார் எண் வாங்கி நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். இந்த நேரம் ஏன் முக்கியம் என்றால், ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த நிமிடத்துக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. அதற்கு முன் போனது உங்கள் தலையில். தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பே இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டும். வழக்கமான சேமிப்புக் கணக்குக்கு அந்த வரம்பு 10,000 ரூபாய். கார்டை கவரில் செருகி வைத்ததைக் கவனக்குறைவு என்று வங்கி வாதிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சின்னத் தொகைகளுக்கான ‘யு.பி.ஐ. லைட்’ வைத்திருந்தால், அதிலிருக்கும் பணத்தைச் செலவு செய்ய ‘பின்’ நம்பர் கேட்காது. ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை, மொத்த இருப்பு 5,000 ரூபாய் வரை. திறந்த நிலையில் பறிபோன போனில் அது போய்விட்டதாகவே கணக்கில் வையுங்கள்.

பணம் ஏற்கனவே நகர்ந்துவிட்டது தெரிந்தால் 1930. இது தேசிய சைபர் மோசடி உதவி எண். தமிழ்நாட்டில் மாநில சைபர் குற்றப் பிரிவு இதைக் கையாள்கிறது. எடுத்ததும் கதை சொல்லாதீர்கள். எந்த வங்கி, எந்தக் கணக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண் என்ன, இவற்றைக் கேட்ட வரிசையில் சொல்லுங்கள். போன் கையில் இல்லாதபோது அந்த 12 இலக்கம் எங்கே கிடைக்கும்? வங்கி கஸ்டமர் கேரிடமே கேட்டு வாங்கலாம், கிளையில் மினி ஸ்டேட்மென்ட் எடுக்கலாம். திருடிய பணம் ஒரு கணக்கில் நிற்காது. முதல் கணக்கிலிருந்து மூன்று நான்காகப் பிரிந்து, அங்கிருந்து மேலும் பிரிந்து, கடைசியில் ஏதோ ஒரு ஊர் ஏ.டி.எம்.மில் ரொக்கமாகும். எந்தக் கட்டத்தில் அது கணக்கில் இருக்கிறதோ அந்தக் கட்டத்தில்தான் நிறுத்தி வைக்க முடியும். அதனால்தான் நிமிடக் கணக்கு. போனில் சொன்னதோடு விடாமல், கிடைக்கும் ஒப்புகை எண்ணை வைத்து 24 மணி நேரத்துக்குள் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்துவிடுங்கள். நிறுத்தி வைத்த பணம் தானாகத் திரும்பி வராது. பல நேரங்களில் நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். அங்கே புகார் நகல் ஒவ்வொன்றும் உதவும்.

பறித்தவன் எந்தப் பக்கம் போனான் என்று கண்ணுக்குத் தெரிந்தால், இதையெல்லாம் நீங்கள் செய்துகொண்டிருக்கும்போதே கூட இருப்பவர் 112க்கோ 100க்கோ சொல்லட்டும். வண்டியின் நிறம், போன திசை, எத்தனை பேர், இந்த மூன்றும் போதும். மின்சார ரயிலில் நடந்திருந்தால் ரயில்வே காவல் துறையின் 1512, அல்லது 139. எழும்பூர், மாம்பலம், தாம்பரம் போன்ற இடங்களில் ரயில்வே காவல் நிலையங்கள் உண்டு. வாசல் ஓரம் நின்று போன் பார்ப்பவர்களின் கையைத் தண்டவாள ஓரத்திலிருந்து கம்பால் தட்டிப் போனை விழவைக்கும் பழக்கம் சென்னைப் புறநகர்ப் பாதைகளில் வெகுகாலமாக உண்டு. விழுந்த போனுக்காக ஓடும் வண்டியிலிருந்து குதிக்காதீர்கள்.

வரைபடத்தில் போனின் புள்ளி ஏதோ ஒரு தெருவில் மின்னினால் நாலு நண்பர்களோடு போய்க் கதவைத் தட்டாதீர்கள். புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். போன் அந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள். நெருக்கமான குடியிருப்பில் அந்த வட்டத்துக்குள் இருபது வீடு இருக்கும். திரையைப் படம் பிடித்து, நேரத்தோடு காவல் நிலையத்தில் காட்டுங்கள்.

இனி புகார் மனு. இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பறித்துக்கொண்டு ஓடியதை ‘தவறவிட்டேன்’ என்று எழுதாதீர்கள், யார் அப்படி எழுதச் சொன்னாலும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ‘பறிப்பு’ 304ஆம் பிரிவில் தனிக் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. ‘தவறவிட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தால் குற்றமே இல்லை, தேட ஆளும் இல்லை. போனுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் இன்னும் சிக்கல்; பல பாலிசிகள் திருட்டுக்குத் தரும், தொலைத்ததற்குத் தராது.

மனுவில் ‘மாலை 7 மணி அளவில் பஸ் நிலையம் அருகில்’ என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. ‘7.10க்கும் 7.20க்கும் இடையில், மருந்துக் கடைக்கு எதிரே, மேற்கு நோக்கி நடந்தபோது, பின்னாலிருந்து வந்த கறுப்பு பைக்கில் இருவர், பின்னால் இருந்தவர் இடது கையால்’ என்று எழுதுங்கள். போனின் மாடல், நிறம், கவர், திரையில் கீறல் இருந்தால் எந்த மூலையில், கருவியின் அடையாள எண்களான இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள், சிம் நம்பர்கள் எல்லாம் வேண்டும். சுற்றியிருக்கும் கடை கேமராக்களை அன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கேமரா பதிவைச் சேமிக்கும் கடை டி.வி.ஆரில் இடம் நிரம்பினால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அதன் கடிகாரமும் பெரும்பாலும் சரியாக ஓடாது, டி.வி.ஆர். நேரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று குறித்து மனுவில் சேர்த்தால், தேடுபவருக்குப் பாதி வேலை மிச்சம்.

நிலையத்தில் முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. மனு பெறப்பட்டது என்பதற்கு மட்டும்தான் அது சான்று. வழக்குப் பதிவானால்தான் எஃப்.ஐ.ஆர்.; அதன் நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்றும் திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்றலாம். பதிய மறுத்தால் மனுவைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட். சண்டை போடத் தேவையில்லை. ‘173 பிரிவின்படி எழுதித் தந்திருக்கிறேன், ரசீது கொடுங்கள் சார்’ என்று நிதானமாகச் சொன்னால் பெரும்பாலும் காரியம் நடக்கும்.

அடுத்த நாள் டூப்ளிகேட் சிம். அது கிடைத்தாலும் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. திருடன் வாங்கும் போலி சிம்முக்கு எதிரான பாதுகாப்பு அது. ஆனால் உங்களுக்கும் அந்த ஒரு நாள் ஓ.டி.பி. கிடையாது. வாட்ஸ்அப்பை உடனே புதுச் சிம்மில் பதிய முயலுங்கள், எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பதில் அழைப்பு வழியாகவும் சரிபார்ப்பு எண் கேட்கலாம். பதிந்ததும் பழைய போனில் அது தானாக வெளியேறிவிடும்.

எஸ்.எம்.எஸ். வரத் தொடங்கியதும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், போனையே முடக்கும் சி.இ.ஐ.ஆர். பகுதிக்குப் போங்கள். 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. புகார் எண், நகல், அடையாள அட்டை, போன் வாங்கிய பில், ஐ.எம்.இ.ஐ. கேட்கும். பதிவானால் அந்தக் கருவி இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. யாராவது சிம் போட்டுப் பார்த்தால் காவல் துறைக்குத் தகவல் போகும். ‘முடக்கிவிட்டால் கண்டுபிடிக்க முடியாது’ என்பது வெறும் வதந்தி. கிடைக்கும் கோரிக்கை எண்ணைப் பத்திரமாக வையுங்கள். போன் திரும்பக் கிடைத்த பிறகு அந்த எண்ணைக் கொண்டுதான் முடக்கத்தை நீக்க முடியும். நீக்க மறந்துவிட்டு, ‘டவர் வரவில்லை’ என்று சர்வீஸ் கடைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஐபோன் ஆசாமிகளுக்கு ஒரு வாரம் கழித்து ஒரு எஸ்.எம்.எஸ். வரும்: ‘உங்கள் போன் கிடைத்துவிட்டது, இருக்கும் இடம் பார்க்க இந்த லிங்க்.’ திறந்தால் ஆப்பிள் தளம் போலவே ஒரு பக்கம், பாஸ்வேர்டு கேட்கும். பூட்டைத் திறக்க முடியாத திருடன் சாவியை உங்களிடமே கேட்கிறான்.

இன்று போன் கையில் இருக்கும்போதே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். *#06# அடித்து வரும் 15 இலக்க எண்கள் இரண்டையும் ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். செட்டிங்ஸில், சிம்மை வேறு போனில் போட்டால் ‘பின்’ நம்பர் கேட்கும் ‘சிம் லாக்’ போடுங்கள். அதன் ஆரம்ப நம்பர் என்னவென்று நெட்வொர்க்கிடம் கேட்டுவிட்டே தொடுங்கள். மூன்று முறை தவறினால் பி.யு.கே. என்ற திறப்பு எண்ணைக் கேட்கும், அதையும் பத்து முறை தவறினால் சிம்மே செத்துவிடும். வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு போடுங்கள். பூட்டிய திரையை விரலால் இழுத்து ஏரோபிளேன் மோட் போட முடியாதபடி வையுங்கள். ஐபோனில் கன்ட்ரோல் சென்டருக்கு இந்த வசதி உண்டு, ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் மாறும். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் என்றால் ‘திருட்டுக் கண்டறிதல் பூட்டு’ம் கிடைக்கலாம், பறித்து ஓடும் அசைவை உணர்ந்து திரை தானே பூட்டிக்கொள்ளும். கவரில் இருக்கும் கார்டை எடுத்துவிடுங்கள்.

பழைய போன் வாங்குகிறவர்களும் காசு கொடுக்கும் முன் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள்: கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, ஐ.எம்.இ.ஐ. எண்; அனுப்ப வேண்டியது 14422க்கு. முடக்கப்பட்ட கருவி என்று பதில் வந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.