வேலியோரத்துச் செட்டு

ஆகஸ்ட் 19
கிழக்கு வேலியோரமாக ஒரு செட்டு கட்டணும். அதற்காகக் கேட்ட புலப்படம், அதாவது நிலத்தின் சர்வே வரைபடம், வந்தது. கிழக்கு எல்லையில் 142 என்று மட்டும் இருக்கிறது, பக்கத்தில் அலகு இல்லை. பழைய புலப்படங்கள் லிங்க்ஸ் கணக்கு. 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. ஒரு லிங்க்ஸ் 7.92 அங்குலம். 142 லிங்க்ஸ் என்றால் 93.7 அடி. பத்திரத்தில் 94 அடி, ஆகவே லிங்க்ஸ்தான். இதை மீட்டர் என்று படித்து வரைபடம் போட்டுத் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இடிக்கிறது பரப்பளவு. பட்டாவில் 6.5 ஏர்ஸ் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்), 16 சென்டுக்கு ஒரு பொட்டு கூட. பத்திரத்தில் 16½. மிச்சம் 190 சதுர அடி சொச்சம். 94 அடி நீளத்துக்குப் பிரித்தால் இரண்டடி அகலக் கீற்று. செட்டே 120 சதுர அடிதான்.

ஆகஸ்ட் 20
தென்கிழக்கு மூலை எல்லைக் கல்லைக் காணோம்.

ஆகஸ்ட் 24
கடலோர மணலில் கல் தொலையாது, புதையும். காற்று மணலைக் கொண்டுவந்து உடைமர வேலியின் அடியில் குவிக்கும், கல் கீழே போய்விடும். கம்பியைச் செங்குத்தாக இறக்கித் தட்டிப் பார்க்கணும். மண்வெட்டி போடக்கூடாது. கல் அசைந்தால் அது குற்றம், அப்புறம் எந்த அளவும் செல்லாது. நாமாக ஒரு கல் நடுவது அதைவிட மோசம்.

வேலியில் நிற்கிற பனையை எல்லை என்று ஊரே சொல்லும். புலப்படத்தில் பனை இல்லை.

ஆகஸ்ட் 29
எல்லை அளக்க விண்ணப்பம் கொடுத்தாச்சு. பக்கத்து நிலத்துக்காரருக்கும் நோட்டீஸ் போகும். அது போய்ச் சேர்வதற்குள் நேரில் சொல்லிவிடணும். தாலுகா ஆபீஸ் காகிதம் முதலில் போனால் நல்ல மனுசனும் வக்கீலைத் தேடுவார். அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "அளக்கட்டும் தம்பி, எனக்கென்ன. கூரைத் தண்ணி மட்டும் எம்பக்கம் விழக்கூடாது."

செப்டம்பர் 2
அவர் சொன்னதுதான் விஷயமே. எல்லோரும் சுவருக்கும் வேலிக்கும் நடுவே டேப் பிடிக்கிறார்கள். சண்டை வருவது சுவரால் இல்லை, கூரை விளிம்பால். சுவர் நம்ம மண்ணில் நின்றாலும் ஷீட் நுனியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அடுத்தவர் தோட்டத்தில் விழலாம். 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டப்படி, 20 வருஷம் தடையில்லாமல் அப்படி விழுந்தால் அது உரிமை ஆகிவிடும். அதனால்தான் வயசானவர்கள் முதல் நாளிலேயே தடுக்கிறார்கள். அது வீம்பு இல்லை.

ஆகவே ஒற்றைச் சாய்ப்புக் கூரை. உயரமான பக்கம் கிழக்கே காக்காவைப் பார்த்து, தாழ்ந்த பக்கம் மேற்கே நம்மைப் பார்த்து. கூரையின் தரைப்பரப்பு 14 சதுர மீட்டர். 50 மி.மீ. மழைக்கே 700 லிட்டர் இறங்கும்.

சுவரிலிருந்து எல்லைக்கு 1.5 மீட்டர். ஏணி சாய்க்கவும் பூச்சு பார்க்கவும் அடுத்தவர் மண்ணில் கால் வைக்கவேண்டாம்.

செப்டம்பர் 6
உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 2011 அறிவிக்கைப்படி கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. 2019 அறிவிக்கையில், மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2161-ஐத் தாண்டிய ஊருக்கு அது 50 மீட்டர், மற்ற ஊருக்கு அதே 200. ஆனால் மாநிலத்தின் கடலோர மேலாண்மை வரைபடம் புதுசாகி ஒப்புதல் பெறுகிற வரை பழையதே நடக்கும். செட்டு 300 மீட்டரில். கட்டலாம், கேட்டுத்தான் கட்டணும்.

உயர் அலைக்கோடு என்பது இன்று அலை நனைக்கிற இடம் இல்லை. வரைபடத்தில் குறித்த கோடு. அலைவாயில் நின்று டேப் பிடித்து எழுதிய அளவு மேசையிலேயே திரும்பும். உப்பங்கழி பக்கத்தில் இருந்தால் அதற்குத் தனி அளவு.

செப்டம்பர் 7
அந்த இரண்டடி.

செப்டம்பர் 15
அளந்தாச்சு. கல் கிடைத்தது, வேலிக்கு நம் பக்கம், முழங்கை ஆழத்தில். தலையில் வெட்டின குறி தெரிகிறது. பட்டாதான் சரி. இரண்டடியும் பத்திரத்தில் மட்டும். காக்கா ஒன்றும் சொல்லவில்லை, இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

பத்திரக் கோட்டிலிருந்து அளந்து போட்டிருந்தால் 1.5 மீட்டர் 0.9 ஆகியிருக்கும்.

பனை, பட்டாக் கோடு பத்திரக் கோடு இரண்டுக்கும் அந்தப் பக்கம். நம்முடையது இல்லை. நம்முடையதாகவே இருந்தாலும் கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையைத் தொடமுடியாது. காவோலை மட்டையோடு ஷீட்டில் விழுந்தால் உடையும், அது மட்டும்தான் கவலை. செட்டை நாலடி வடக்கே நகர்த்தி வரைந்தாச்சு.

செப்டம்பர் 16
புலப்பட நகல், பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, செட்டு வரைபடம் எல்லாம் வைத்து ஊராட்சியில் அனுமதிக்கு மனுப் போட்டாச்சு. வரைபடத்தில் ஷீட் விளிம்பையும் புள்ளிக்கோட்டில் காட்டியிருக்கிறது, தண்ணீர் ஓடுகிற பக்கம் அம்புக்குறியோடு.

செப்டம்பர் 22
போர்வெல் தண்ணீர் கரிக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மி.கி. குளோரைடுக்கு மேல் ஆகாது, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. கம்பி இல்லாததற்கு 2000 வரை. மீறினால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, காங்கிரீட்டைப் பிளக்கும். நல்ல தண்ணீர் லாரிதான். காலடி மணலையும் கலவையில் சேர்க்கவேண்டாம், அதிலும் உப்பு. பழைய வீடுகளில் பவளக்கல் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். இப்போது பவளத்தைத் தொட்டால் வனத்துறை கேஸ்.

செப்டம்பர் 30
கூரைக்குத் தகரம் வேண்டாம். உப்புக்காற்றுக்கு வெட்டின ஓரமும் போல்ட் துளையும் முதலில் போகும். சிமெண்ட் ஷீட், அகலம் 1.05 மீட்டர். பக்கத்தில் அரை மடிப்பு ஏறினால் மூடுவது 1.01. செட்டின் 12 அடி நீளத்துக்கு வரிசையில் 4. சாய்வில் 2 மீட்டரும் 1.75 மீட்டரும், நடுவே 15 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏற்றம். மொத்தம் 8. குறுக்குச் சட்டங்களின் இடைவெளி 1.4 மீட்டரைத் தாண்டக்கூடாது, ஆகவே 5 சட்டம். கீழ்விளிம்பு நீட்டம் 30 செ.மீ., மேலே 10.

துளை மடிப்பின் முகட்டில்தான், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். 8 மி.மீ. ஜே போல்ட்டுக்கு 10 மி.மீ. துளை, தார் வாஷர். முறுக்கித் தள்ளினால் ஷீட் வெடிக்கும். தென்கோடியில் தொடங்கி வடக்கே அடுக்கணும், அப்போதுதான் வாடைக்காற்று ஏற்றத்துக்குள் நுழையாது. உயரமான பக்கம் வாடைக்கு எதிர்முகம், சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே சந்து விட்டால் காற்று அடியில் புகுந்து தூக்கிவிடும். அறுக்கும்போது நனைத்து அறுக்கணும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

அக்டோபர் 6
பதில் இல்லை. கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது.

அக்டோபர் 9
ஒரு கேள்வி வந்திருக்கிறது: செட்டிலிருந்து எல்லைக்கு உள்ள தூரம் சுவரிலிருந்தா, கூரை விளிம்பிலிருந்தா? வரைபடத்திலேயே இரண்டும் இருக்கிறது. சுவரிலிருந்து 1.50, விளிம்பிலிருந்து 1.40. எழுதிக் கொடுத்தாச்சு.

அக்டோபர் 13
இரவு முழுக்க மழை. தார்ப்பாயின் கீழ் 14 சிமெண்ட் மூட்டை. பலகை போட்டுத் தரையிலிருந்து அரையடி தூக்கி வைத்தாச்சு. நாளைக்கு ஊராட்சி அலுவலகத்தில் கேட்கவேண்டியது: அலைக்கோட்டு தூரத்துக்குத் தனிச் சான்று