கும்பிடட்டா டீச்சர்?

கொழும்புத் தேசிய நூதனசாலையில், காரைக்கால் அம்மையாரின் வெண்கலப் படிமத்துக்கு முன்னால், எங்கள் உயர்தர வகுப்பில் சித்திரம் படிக்கும் பிள்ளைகளுள் ஒருத்திக்கு நான் சொன்ன பதில் இன்னும் என்னை விட்டபாடில்லை. மற்றவர்கள் நடராசரைச் சுற்றி நின்று வரைந்துகொண்டிருக்க, களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து வரும் இந்தப் பிள்ளை மட்டும் கொப்பியை மூடிக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு, "கும்பிடட்டா டீச்சர்?" என்று மெல்லக் கேட்டாள். "கும்பிடுறது கோயில்ல, மகள். இங்க முதல்ல பாருங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் கொப்பியைத் திறந்தாள்.

நான் சொன்னதில் நியாயம் உண்டு. மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் திருவிழாவில் பட்டும் மாலையும் சாத்திய பிறகுதான் உற்சவமூர்த்தி நம் கண்ணுக்கு வருகிறார். வார்த்தவனின் கைவேலை அதற்குள் மறைந்துவிடும். மெழுகில் உருவம் இழைத்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, கடைசியில் அச்சை உடைத்து எடுப்பதால் ஒவ்வொரு படிமமும் தனியொன்று. பொலன்னறுவைச் சிவன் கோயில் இடிபாடுகளிலிருந்து வந்த இந்த அம்மையாரை நெருங்கிப் பார்த்தால், எலும்பெடுத்த உடம்பும் வற்றித் தொங்கும் மார்பும் கைகளில் தாளமும் தெரியும். உடம்பின் மெலிவை அவ்வளவு துணிந்து செய்தவன் முகத்தில் பாட்டின் மகிழ்ச்சியை வைத்திருக்கிறான். கண்மூடிக் கும்பிடுகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள் என்று அன்று நம்பினேன். பெரும்பாலும் இன்றும் நம்புகிறேன்.

ஆனால் வார்த்தவன் என் கண்ணுக்காகச் செய்யவில்லை. நீராட்டவும் பட்டுச் சாத்தவும் பூசை செய்யவும் என்று அறிந்தே செய்தான். 1914 இல் இந்த நூதனசாலையின் வெண்கலங்களைப் பற்றி நூல் வெளியிட்ட கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமியே, பிற்காலத்தில், கோயிற் படிமத்தை வெறும் அழகுப் பொருளாக நோக்குவதைக் கடுமையாக மறுத்தார். அம்மையாரின் கதையோ இன்னும் உறுத்துகிறது. கணவனுக்கென்று சுமந்த தசையை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றவர் அவர். பிறர் பார்வைக்கு உரிய உடலே வேண்டாம் என்றவரின் முன் நின்றுகொண்டு, பார்க்கும்படி ஒரு பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன்.

அவள் வரைந்தது இரண்டு கைகளையும் தாளத்தையும் மட்டும். தட்டி விலகிய கணம் அந்த இடைவெளியில் அப்படியே இருந்தது. நடராசரை அளவு பிசகாமல் வரைந்த பிள்ளைகளின் தாள்களில் அப்படி ஒன்று இல்லை. நான் பார்க்கச் சொன்னதால் அது வந்ததா, கும்பிட நினைத்த மனம் கைக்குள் இறங்கியதால் வந்ததா என்று அந்தத் தாளை எத்தனை தரம் எடுத்துப் பார்த்தும் பிரித்தறிய முடியவில்லை.

அடுத்த வகுப்பை அழைத்துப் போகும்போது, விரும்பியவர்கள் கும்பிட்டுவிட்டு வரையலாம் என்று உள்ளே நுழையுமுன் சொல்லிவிட வேண்டும் என நினைக்கிறேன். சொன்னால், என்னிடம் சித்திரம் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் அந்தப் படிமங்களுக்கு முன் ஒதுங்கி நிற்க நேருமோ என்ற தயக்கம் உடனே வருகிறது. அவர்களும் நடராசரின் தூக்கிய திருவடியை உரிமையோடு வரைய வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.