அலாரம் அடிப்பதற்கு முன்பே: ஐசியுவில் நான் பழகிய விதம்

பொது வார்டில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு ஐசியுவுக்கு மாற்றல் கேட்டு வாங்கியவள் நான். போன புதிதில் பயமெல்லாம் மெஷின்கள் மேல்தான். வென்டிலேட்டர் திரையில் ஓடும் கோடுகள், ஒரே கட்டிலைச் சுற்றி, மருந்தை அளவாக ஏற்றும் ஐந்தாறு இன்ஃப்யூஷன் பம்ப், எந்நேரமும் ஏதாவது ஒரு மூலையில் அடித்துக்கொண்டிருக்கும் அலாரம். இவற்றைப் படித்துவிட்டால் போதும், மீதி தானாக வரும் என்று நினைத்தேன். எனக்குப் பழக்கிக்கொடுத்த சீனியர் அக்காவோ தொடக்கத்தில் எந்தப் பட்டனையும் தொட விடவில்லை. "மானிட்டருக்கு முதுகைக் காட்டி நில்லு. ஆளைப் பார்த்து என்ன தெரியுதுன்னு சொல்லு" என்பார்.

ஆளைப் பார்ப்பது என்றால் முதலில் மூச்சு. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் கணக்கு அக்காவிடம் செல்லாது. மானிட்டரிலேயே மூச்சு எண்ணிக்கை வருகிறதே என்று கேட்டேன். அந்த எண், நெஞ்சில் ஒட்டியிருக்கும் ஈசிஜி ஒட்டுகளுக்கு நடுவே மின்தடை மாறுவதை வைத்து மெஷின் போடும் கணக்கு. நோயாளி இருமினாலும் புரண்டாலும் குழம்பிவிடும். ஒட்டு காய்ந்து தளர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

வயது வந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. எந்த வார்டின் சார்ட்டை எடுத்தாலும் மூச்சுக்கான கட்டத்தில் 18 அல்லது 20 என்றே வரிசையாக எழுதியிருக்கும். எண்ணி எழுதியவர் எத்தனை பேர் என்று நர்ஸ்களுக்குத் தெரியும்! ஆனால் உடல் தடுமாறுவதை முதலில் சொல்வதே அந்தக் கட்டம்தான். திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் போனால் ரத்தத்தில் அமிலம் கூடும். அதை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சுவிட்டு கரியமில வாயுவை வெளியே தள்ளும். பிபி அப்படிச் சட்டென்று காட்டிக்கொடுக்காது. ரத்தக்குழாய்கள் இறுகியும் இதயம் வேகமாக அடித்தும் அதைத் தாங்கிப் பிடிக்கும். ஆரோக்கியமான ஓர் இளைஞருக்கு உடலின் ரத்தத்தில் சுமார் 30 சதவீதம் போகும்வரைகூட மேல் பிபி பெரிதாக இறங்காமல் இருக்கலாம். இறங்கும்போது மொத்தமாக இறங்கும்.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் 'நியூஸ்' மதிப்பெண் முறையில், மூச்சு 25 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். நாடித்துடிப்பு, பிபி, ஆக்சிஜன் அளவு, காய்ச்சல், சுயநினைவு எல்லாம் சேர்த்து மொத்தம் 5 ஆனால் டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். 7 ஆனால் தீவிர சிகிச்சைக் குழுவே வர வேண்டும். வார்டில் இருந்தபோது இந்த மதிப்பெண்ணைப் போடுவது கூடுதல் எழுத்து வேலையாகத்தான் தெரிந்தது. ஐசியு பக்கம் வந்து, வார்டிலிருந்து தாமதமாக வரும் நோயாளிகளை வாங்கிப் படுக்க வைத்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது.

அப்புறம் பொம்மையை நோயாளியாக வைத்துச் செய்யும் பயிற்சி. ஏபிசிடிஇ என்ற வரிசை எல்லோருக்கும் மனப்பாடம்: மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், சுயநினைவு, கடைசியாகப் போர்வையை விலக்கி உடல் முழுக்கப் பார்ப்பது. ஒப்பிப்பது சுலபம், ஒழுங்காகச் செய்வதுதான் கடினம். ஓர் எழுத்தில் கோளாறு கண்டால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த எழுத்துக்குப் போகக்கூடாது. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கூட நிற்பவருக்கு நம் மனதில் ஓடுவது எப்படித் தெரியும்? எல்லோரும் அவசரத்தில் விடுவது கடைசி இரண்டை. சுயநினைவு பார்க்கும்போது கையோடு சுகர் பார்க்க வேண்டும். போர்வையை விலக்காததால், தொடை ரத்தக்குழாயில் போட்ட லைனிலிருந்து ரத்தம் கசிந்து மெத்தை நனைந்திருப்பது தெரியாமலே போய்விடலாம்.

இதெல்லாம் ஒரு நோயாளியிடம் மொத்தமாகச் சேர்ந்து வந்தது. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) குடல் அறுவை சிகிச்சை முடிந்து நன்றாகத் தேறிவந்தவர். மாலை டியூட்டி எடுத்தபோது பிபி 118/62, ஆக்சிஜன் 96, நாடி 104. மானிட்டரில் ஒரு சிவப்பு எண்கூட இல்லை. மூச்சை எண்ணினேன், 28 வந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினேன், 29. விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு, மூன்று விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். இவருக்கு ஐந்து விநாடி ஆனது. முழங்கால்களைச் சுற்றித் திட்டுத்திட்டாக ஊதா நிறம். சிறுநீர் முந்தைய இரண்டு மணி நேரமாக, எடைக்குக் கிலோவுக்கு, மணிக்கு அரை மில்லி என்ற அளவுக்குக் கீழே போயிருந்தது. "எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, "என்னன்னு தெரியல சிஸ்டர், என்னமோ பண்ணுது" என்றார். இந்தப் பதிலை இன்றுவரை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

டாக்டரைக் கூப்பிட வேண்டும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் தயங்குவார்கள். பிபி நன்றாக இருக்கும்போது கூப்பிட்டால் என்ன சொல்வாரோ என்ற தயக்கம். அக்கா எனக்குப் போனில் பேசவே தனியாகப் பயிற்சி கொடுத்திருந்தார்: யார், எந்த நோயாளி, இப்போது என்ன பிரச்சினை, பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது. கடைசி இரண்டையும் சொல்லாமல் வெறும் எண்களை ஒப்பித்தால், எதிர்முனையில் "சரி, பார்த்துக்கோங்க" என்றுதான் வரும்.

"டாக்டர், நாலாம் பெட். குடல் ஆபரேஷன் ஆனவர். மூச்சு 28, முன்னாடி 18 இருந்தது. கை கால் ஜில்லுன்னு இருக்கு, யூரின் குறைஞ்சிருச்சு. பிபி இன்னும் இறங்கலை, ஆனா செப்சிஸ்னு எனக்குச் சந்தேகம். இப்பவே வந்து பார்க்கணும். அதுக்குள்ள லாக்டேட் அனுப்பிடட்டுமா?"

வந்தார். செப்சிஸ் என்றால், தொற்றுக்கு உடல் தாறுமாறாக எதிர்வினை காட்டி உறுப்புகளே பழுதாவது. திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட் 4.6, இரண்டுக்குள் இருக்க வேண்டியது. கிருமியைக் கண்டுபிடிக்க ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் போனது. செப்சிஸ் முற்றிப் பிபி சரியும் செப்டிக் ஷாக் என்று சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் உள்ளே போக வேண்டும் என்பது கணக்கு. முதல் மூன்று மணி நேரத்தில் எடைக்குக் கிலோவுக்கு 30 மில்லி சலைன் என்ற அளவில் திரவம் ஏற்றத் தொடங்கினோம், ஒவ்வொரு பாட்டிலுக்குப் பிறகும் நுரையீரலில் நீர் சேர்கிறதா என்று கேட்டுக்கொண்டே. பிபி இறங்கத்தான் செய்தது. ஆனால் அப்போது பிபியை ஏற்றும் நார்அட்ரீனலின் ஏற்கெனவே சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருந்தது. சராசரி பிபி 65-க்குக் கீழே அதிக நேரம் நிற்கவில்லை. ஸ்கேனில் குடல் தைத்த இடத்தில் கசிவு தெரிந்து மறுபடி தியேட்டருக்குப் போனார், பிழைத்தார்.

1990-இல் சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் அவசரக் குழு என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். இதயம் நின்ற பிறகு ஓடிவரும் குழுவாக இல்லாமல், நிற்பதற்கு முன்னால் வரும் குழு. இத்தகைய குழுவைக் கூப்பிடுவதற்கான காரணப் பட்டியலில் எண்களோடு கூட, 'ஊழியருக்குக் கவலையாக இருக்கிறது' என்பதும் உண்டு. எண் எதுவும் இல்லாமல், கவலை மட்டுமே போதும்! என் மட்டில், அந்தப் பட்டியலிலேயே உருப்படியான வரி அதுதான்.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு வரும் ஆபத்து வேறு ரகம். அங்கே மெதுவான எச்சரிக்கை எல்லாம் கிடையாது, நிமிடங்களில் முடிந்துவிடும். ஓர் இரவில் வென்டிலேட்டரின் காற்றழுத்த அலாரமும் ஆக்சிஜன் அலாரமும் அடுத்தடுத்து அடித்தன. 97-இல் இருந்த ஆக்சிஜன் 90, 86 என்று இறங்குகிறது. கை தானாக வென்டிலேட்டர் பட்டனுக்குத்தான் போகும். பழக்கியது வேறு: முதலில் நோயாளியை மெஷினிலிருந்து பிரி, கையால் அமுக்கும் அம்பு பேகை மாட்டி முழு ஆக்சிஜனோடு கையால் மூச்சு கொடு. இந்த ஒரே செயலில் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பேக் சுலபமாக அமுங்கி ஆளும் தேறினால் கோளாறு மெஷினிலோ ட்யூபிங்கிலோ. இவருக்கு அமுங்கவில்லை, இரும்பாக எதிர்த்தது.

பார்க்க வேண்டியவை நான்கு: வாய் வழியே மூச்சுக்குழலில் போட்ட குழாய் இடம் மாறிவிட்டதா, அடைத்துக்கொண்டதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிட்டதா, மெஷின் கோளாறா. நான் பேக் கொடுக்க, அக்கா பல்லருகே குழாயில் உள்ள சென்டிமீட்டர் குறியைப் பார்த்தார். டியூட்டி தொடங்கும்போது எழுதி வைத்த அதே 22. வெளிவிடும் மூச்சைக் காட்டும் கரியமில வாயுக் கோடு மானிட்டரில் சிறுத்திருந்தாலும் வந்துகொண்டிருந்தது, ஆக குழாய் மூச்சுக்குழலுக்குள்தான் இருக்கிறது. நெஞ்சு இரண்டு பக்கமும் ஒரே அளவு, கொஞ்சமாக ஏறியது. ஒரு பக்கம் மட்டும் ஏறாமல் பிபியும் சேர்ந்து சரிந்திருந்தால், எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் டாக்டர் நெஞ்சில் ஊசி போட்டுக் காற்றை இறக்கியிருப்பார். அடுத்து சளி உறிஞ்சும் சக்ஷன் குழாயை உள்ளே விட்டார் அக்கா. பாதியில் முட்டி நின்றது. "அடைப்பு. கீழே போகலை" என்று சத்தமாகச் சொன்னார். டாக்டர் வந்ததும் குழாயை மாற்ற முடிவானது. வெளியே எடுத்த குழாயின் உள்ளே காய்ந்து கெட்டியான சளி, பேனா மூடி நீளத்துக்கு.

புதுக் குழாய் போட்ட பிறகும் ஆக்சிஜன் எண் உடனே ஏறவில்லை, இன்னும் இரண்டு புள்ளி இறங்கியது. விரலில் மாட்டிய கருவிக்குச் செய்தி வந்து சேரச் சற்று நேரமாகும், அதுவும் விரல் ஜில்லென்று இருந்தால் இன்னும் தாமதம். இது தெரியாதவர் அந்த அரை நிமிடத்தில் பதறி, சரியாக இருக்கும் குழாயையும் பிடுங்கிவிடுவார். கரியமில வாயுக் கோடு நன்றாக வந்ததைப் பார்த்து நாங்கள் காத்திருந்தோம்.

மெஷினைப் பிரித்துவிட்டுக் கையை நம்புவது புதியவர்களுக்குத் துணிச்சலான காரியமாகத் தோன்றும். உண்மையில் ஐசியுவே அப்படித்தான் பிறந்தது. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசை செயலிழந்தவர்களுக்குத் தொண்டையில் துளையிட்டு, பேகை அமுக்கியே மூச்சு கொடுக்கலாம் என்று பியோன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் காட்டினார். மருத்துவ மாணவர்கள் முறை வைத்து உட்கார்ந்து இரவும் பகலும் அமுக்கினார்கள். எனக்குப் பத்து நிமிடத்தில் கை வலித்தது.

இதயம் நின்றுபோகும் நேரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லா வகுப்பிலும் சொல்லித் தருவதுதான். நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்று. அட்ரீனலின் ஒரு மில்லிகிராம், மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. நான் கற்றுக்கொண்ட கூடுதல் விஷயம், நேரம் குறிப்பவரின் வேலை எவ்வளவு பெரியது என்பது. எட்டுப் பேர் பேசிக்கொண்டிருக்கும் அறையில் "அட்ரீனலின் கொடுத்து மூணு நிமிஷம் ஆச்சு" என்று ஒருவர் உரக்கச் சொல்லாவிட்டால் யாருக்கும் கணக்கு இருக்காது. "யாராவது கால்சியம் எடுங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும், கொடுத்த பின் கொடுத்தாயிற்று என்று மறுபடி சொல்ல வேண்டும்.

கால்சியம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. டயாலிசிஸ் தவறவிட்டு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி வந்தவர்களின் ஈசிஜியில் டி அலை கூர்மையாக உயர்ந்து, அடுத்து கியூஆர்எஸ் என்ற பெரிய அலை அகலமானால், லேப் ரிசல்ட் வரும்வரை யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. முதலில் போவது கால்சியம். அது பொட்டாசியத்தைத் துளிகூடக் குறைக்காது, இதயத்துக்கு மட்டும் கொஞ்ச நேரக் காவல். பிறகு குளுக்கோஸோடு இன்சுலின் கொடுத்தால் பொட்டாசியம் செல்களுக்குள் போகும், அதுவும் தற்காலிகம்தான். உடலைவிட்டு அதை வெளியேற்ற டயாலிசிஸ் வேண்டும். ஈசிஜி அழகாகிவிட்டது என்று டயாலிசிஸைத் தள்ளிப்போட்டால் சில மணி நேரத்தில் திரும்ப வரும்.

உறவினர்கள் சொல்வதைக் கேட்பது பற்றி எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்வை நேரத்தில் வந்த ஒரு மனைவி, "இவர் இப்படிப் பார்க்க மாட்டாரே, கண்ணு எங்கேயோ போகுது" என்றார். தூக்க மருந்தின் மிச்சம் என்று சொல்லிவிடக்கூடிய நிலைதான். சுகர் பார்த்தோம், 46. ஸ்கேனுக்காக மூக்குக் குழாய் உணவை நிறுத்தியிருந்தார்கள், இன்சுலின் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பம்பை நிறுத்தி டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்த சில நிமிடங்களில் மனைவியின் பெயரைச் சொன்னார். இங்கிலாந்தில் 2024 முதல் மார்த்தா விதி என்ற பெயரில், நோயாளி மோசமாகிறார் என்று தோன்றினால் குடும்பத்தாரே வேறொரு குழுவை நேரடியாக வரவழைக்கும் ஏற்பாட்டை மருத்துவமனைகளில் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கள் யூனிட்டில் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் டியூட்டி மாறும்போது கைமாற்றும் ஹேண்ட்ஓவர் தாளில் 'வீட்டார் என்ன சொன்னார்கள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். உணவை நிறுத்தும்போது இன்சுலினையும் பார் என்பது அதற்கு மேல் வரி.