ஒசாக்காவில் பார்த்த நான்காம் அங்கம்

2019 ஏப்ரலில், ஊரே செர்ரிப் பூக்களைப் பார்க்கக் கிளம்பியிருந்த நாள்களில், நான் ஒசாக்காவுக்குப் போனது புன்ராக்கு என்னும் ஜப்பானியப் பொம்மலாட்டம் பார்க்கத்தான். நிப்போன்பாஷியிலுள்ள தேசிய புன்ராக்கு அரங்கம் 1984-இல் திறக்கப்பட்டது. அதன் 35-ஆம் ஆண்டையொட்டி, 'கனதெஹோன் சூஷிங்குரா' நாடகத்தை அவ்வாண்டில் மூன்று பகுதிகளாகப் பிரித்து நிகழ்த்தினார்கள். ஏப்ரலில் முதல் நான்கு அங்கங்கள். செஞ்சோற்றுக் கடன் தீர்ப்பதைச் சொல்லும் சாமுராய்க் கதைகளில் ஜப்பானியர் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது இதைத்தான்.

நடந்த கதை 1701-ஐச் சேர்ந்தது. எதோ (இன்றைய தோக்கியோ) நகரின் கோட்டைக்குள் வாளை உருவிக் கிரா என்ற உயரதிகாரியைத் தாக்கிய ஆசானோ என்ற பிரபு, அன்றே தன் வயிற்றைக் கிழித்து உயிர்விட ஆணையிடப்பட்டார். அவருடைய ஆட்களில் 47 பேர் ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்து, 1703 தொடக்கத்தில் ஒரு பனி இரவில் கிராவின் தலையைக் கொய்தார்கள். சமகாலச் சாமுராய் விவகாரங்களை மேடையேற்ற ஷோகுன் என்ற படைத்தலைவரின் அரசு அனுமதிக்காததால், 1748-இல் ஒசாக்காவின் தாக்கெமோதோ அரங்குக்காக இதை எழுதிய மூவர், கதையைப் பதினான்காம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோய்ப் பெயர்களை மாற்றினார்கள். ஆசானோ இங்கே ஹங்கான் ஆனார்; கிரா மொரோனாவோ ஆனார்; ஆசானோவின் தலைமைப் பணியாளரான ஓய்ஷி யூரானொசுகே ஆனார். பொம்மைகளுக்காக எழுதப்பட்ட இந்த 11 அங்க நாடகத்தைச் சில மாதங்களிலேயே, மனிதர்கள் மேடையேறும் கபுகி நாடகத்தின் நடிகர்களும் எடுத்துக்கொண்டார்கள். இன்றும் கபுகியில் இந்நாடகத்தின் தொடக்கக் காட்சியின்போது நடிகர்கள் பொம்மைகளைப்போலத் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்து, தத்தம் பெயர் சொல்லப்படும்போதுதான் உயிர் பெற்று நிமிர்கிறார்கள்.

மூன்றாம் அங்கத்தில் மொரோனாவோ, ஹங்கானைக் கிணற்று மீன் என்று ஏசுகிறான். கிணற்றிலேயே வளர்ந்த மீனை ஆற்றில் விட்டால் பாலத்தூணில் முட்டிச் சாகும் என்கிறான். கிணற்றுத் தவளை என்ற வசையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த ஏச்சு சுருக்கென்று தைத்தது. வாள் உருவப்படுகிறது. அதன் பிறகு வருவதுதான் நான்காம் அங்கம்.

ஹங்கான் உயிர்விடும் இக்காட்சி முடியும்வரை அரங்குக்குள் எவரையும் விடக் கூடாது என்பது பழைய வழக்கம். மேடைக்கு வலப்புறம், கதை சொல்லும் தாயூவும் ஷாமிசென் என்ற மூன்று தந்தி இசைக்கருவியை வாசிப்பவரும் அமரும் சுழல்மேடைக்கு மிக அருகில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. தாயூ ஏட்டை இரு கைகளாலும் நெற்றிக்கு உயர்த்தி வணங்கிவிட்டுத் தொடங்கினார். பிரபு, தூதர், சிறுவன் எல்லோருக்கும் அவர் ஒருவரே குரல். வெள்ளுடை அணிந்த ஹங்கானைத் தலைக்கும் வலக்கைக்கும் ஒருவர், இடக்கைக்கு ஒருவர், கால்களுக்கு ஒருவர் என மூவர் இயக்கினார்கள். அவர்களுக்குள் ஒரு சொல்லும் இல்லை. தலையைப் பிடித்திருப்பவரின் சிறு அசைவே மற்ற இருவருக்கும் குறிப்பு. கால்களுக்குப் பத்தாண்டு, இடக்கைக்குப் பத்தாண்டு என்று கணக்குச் சொல்லப்படும் கலை இது.

யூரானொசுகேயின் மகன் ரிக்கியா, குறுவாளைக் கொண்டுவந்து தலைவனுக்கு முன் வைக்கிறான். "யூரானொசுகே எங்கே?" என்று ஹங்கான் கேட்கிறார். "இன்னும் வந்து சேரவில்லை" என்கிறான் சிறுவன். அந்த விடைக்குப் பிறகு பொம்மை ஒன்றுமே செய்யவில்லை. மரத்தலை மட்டும் இம்மியளவு தாழ, உள்ளே மூச்சு இருப்பதுபோலத் தோள் எழும்பி அடங்கியது. வாளைச் செருகிய பிறகுதான் யூரானொசுகே ஓடிவந்து விழுகிறார். அந்தக் குறுவாளை நினைவுப் பொருளாக உனக்கே விட்டுச்செல்கிறேன் என்கிறார் ஹங்கான். பழிவாங்கு என்று விரித்துச் சொல்ல அங்கே நேரமுமில்லை, தேவையுமில்லை. தலைவனின் கண்ணைப் பார்த்தே அவன் விருப்பத்தை அறிந்துகொள்ளும் பணியாளனைத்தான் இந்நாடகம் விசுவாசி என்கிறது என்று எனக்குத் தோன்றியது. சண்டைக் காட்சிகளைவிட இதைப் பெரிதாக நான் மதிப்பதும் அதனால்தான்.

பின்பு கோட்டையை ஒப்படைத்துவிட்டு யூரானொசுகே தனியே வெளியேறும் காட்சியில், தாயூவுக்கு இருந்தது ஒரே ஒரு வரி: கண்ணைத் திறந்து உறுத்து நோக்கினார் என்று பொருள்படும் வரி. பல ஆண்டுப் பயிற்சி பெற்ற ஒருவர் அந்த ஒரு வரிக்காகவே வந்து அமர்ந்திருந்தார். அதைச் சொன்னபோது அவர் முகம் முழுவதும் சிவந்திருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தோக்கியோவில் சென்காகுஜி கோயிலுக்குச் சென்றேன். ஆசானோவும் அவருடைய ஆட்களும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கிராவின் தலையைக் கழுவியதாகச் சொல்லப்படும் கிணறும் வழியிலேயே இருக்கிறது. 47 பேரில் தெராசாக்கா என்ற ஒருவர் மட்டும், மற்றவர்களைப்போல உயிர்விட ஆணையிடப்படாமல், 1747 வரை, அதாவது நாடகம் மேடையேறுவதற்கு முந்தைய ஆண்டுவரை, உயிரோடிருந்தார்; அவருக்கும் அங்கே ஒரு கல் இருக்கிறது. வாசலில் வாங்கிய ஊதுவத்திக் கட்டைப் பிரித்து ஒவ்வொரு கல்லுக்கும் சிறிது வைத்துக்கொண்டே போனேன். ஓய்ஷியின் கல்லறைக்கு வைத்த பிறகும் கையில் சில எஞ்சின. ரிக்கியாவாக மேடையில் வந்த அவருடைய மகன் சிக்கராவின் கல்லறைக்கு அவற்றை மொத்தமாக வைத்தேன். தந்தை உயிர்விட்ட அதே நாளில் அவனும் உயிர்விட்டபோது, அந்நாளைய ஜப்பானிய வயதுக் கணக்கில் அவனுக்குப் பதினாறு வயதுதான்.